இல்லாத முனைவர்

இரண்டு நிமிடம். ஒரு டம்ளர் தேநீர் ஆறுவதற்கே அதைவிட அதிக நேரம் பிடிக்கும். அதற்குள், நூலகத்தில் எப்படித் தேடுவது என்று ஒரு மாணவிக்குச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டுமாம். எங்கள் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்விப் பிரிவில் இணையவழிப் பாடங்களுக்கென்று ஒரு தலைவர் இருக்கிறார். இது அவர் போட்ட சட்டம். அதனால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ‘ரெண்டு நிமிஷம்’. முகத்துக்கு முன்னால் சார், முதுகுக்குப் பின்னால் ரெண்டு நிமிஷம்.

நான் அந்தப் பிரிவின் நூலகர். என் மாணவர்களை நான் பார்த்ததே இல்லை. பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடையில் ஆள் வராத நேரத்தில், குழந்தை தூங்கும் இடைவெளியில் அவர்கள்தான் கைப்பேசியில் என்னைப் பார்ப்பார்கள். நூலகத்துக்குள் காலே வைக்காமல் பட்டம் வாங்கப் போகிறவர்கள். அவர்களுக்காக, நகல் எடுக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையில், கதவில் போர்வையைத் தொங்கவிட்டு, சத்தம் வராமலிருக்க மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வியர்வை வழிய வழியப் பாடம் பதிவு செய்வேன். தேடும் சொல்லை எப்படித் தேர்ந்தெடுப்பது, கொட்டுகிற முடிவுகளில் எதைத் திறப்பது, எழுதியவர் சொல்வதை எதை வைத்து நம்புவது, அதைத் தன் ஆய்வுத் தாளில் எப்படிக் குறிப்பிடுவது. இதெல்லாம் தெரியாமல் ஒருவர் பட்டம் வாங்கினால் அது என் தோல்வி என்று நினைக்கிற ஆள் நான்.

நான்காவது பாடம் மேற்கோள் காட்டுவது பற்றியது. அதற்கு உதாரணமாக ஒரு கட்டுரை வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: உண்மையான கட்டுரையைக் காட்டமாட்டோம். காட்டினால் கதை முடிந்தது. இனித் தேடவே வேண்டாம் என்று அடுத்த பருவத்தில் ஊரே அந்த ஒன்றையே எடுத்துப் போட்டுவிடும், கணக்குப் படிக்கிறவன் உட்பட. அதனால் நாங்களே ஒன்றைச் செய்துகொள்வோம். இல்லாத தலைப்பு, இல்லாத இதழ், இல்லாத ஆள். நடுவில் அதைத் தெளிவாகச் சொல்லியும் விடுவோம். நானும் சொன்னேன். “இந்தக் கட்டுரை உலகத்திலேயே கிடையாது. பாடத்துக்காக நான் இட்டுக்கட்டியது. உங்கள் தாளில் இதைப் போடாதீர்கள், மாட்டிக்கொள்வீர்கள்.” சிரித்துக்கொண்டே சொன்னேன். பாடம் ஆறு நிமிடம். இந்த எச்சரிக்கை நான்காவது நிமிடத்தில் வந்தது.

ரெண்டு நிமிஷம் அதில் நான்கு நிமிடத்தை வெட்டினார். எதை வெட்டினார் என்று எனக்குக் காட்டவில்லை. ‘பாடம் செறிவாக்கப்பட்டது’ என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். பெற்ற பிள்ளையின் கையைக் காலை வெட்டிவிட்டு வந்து பார் என்றால் எதற்குப் பார்க்க வேண்டும் என்று நானும் வீம்பாக இருந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் மூன்று பேர். அண்ணன், அண்ணி, தங்கை நான். அண்ணி ஒரு முதியோர் இல்லத்தில் மாடிப் பகுதிக்குப் பொறுப்பாளர். தற்காலிகப் பொறுப்பாளர் என்று சொல்ல வேண்டும். பட்டம் இருப்பவர்தான் இனி பொறுப்பில் இருக்கலாம் என்று புது விதி வந்துவிட்டது. வருகிற ஆண்டுக்குள் அண்ணி பட்டம் வாங்காவிட்டால், நேற்று வேலைக்கு வந்த யாரோ ஒருவரிடம் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு, அவர் சொல்கிற படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அண்ணி அப்படி யாருக்கும் அடங்கி இருக்கிற ஜாதகம் இல்லை. போய் எங்கள் பல்கலைக்கழகத்திலேயே சேர்ந்துவிட்டார்.

எனக்கும் அண்ணிக்கும் ஆகாது என்று சொல்ல முடியாது, ஆகும் என்றும் சொல்ல முடியாது. குழாயைச் சரியாக மூடாதது யார் என்பதில் தொடங்கி எங்களுக்குள் என்றைக்கும் ஒரு வழக்கு நடந்துகொண்டே இருக்கும். நூலகத்தில் வேலை பார்ப்பதால் அவர் எனக்கு வைத்த பெயர் ‘சைலன்ஸ்’. அவர் சேர்ந்த அன்றே நான் ஒரு கோடு கிழித்தேன்.

“வீட்டுல பாடத்தப் பத்திக் கேக்கக்கூடாது அண்ணி. சந்தேகம் வந்தா உதவி மையத்துக்கு எழுதுங்க. மத்தவங்க அப்படித்தான் எழுதறாங்க. வீட்டு ஆளுக்கு ஒரு நியாயம், வெளி ஆளுக்கு ஒரு நியாயம்னு இருக்க முடியாது.”

“சரி சைலன்ஸ். உன் நியாயத்த உப்பு போட்டு ஊற வெச்சுக்கோ” என்றார் அண்ணி.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒரு வருடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அன்று மாலை நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். வேலையிலிருந்து வந்த அண்ணி, செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்து, கைப்பேசியை வெங்காயத்தின் மேலேயே வைத்தார்.

“படி.”

பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தது. உங்கள் தாளில் சான்றாகக் காட்டிய கட்டுரை எங்கும் இல்லை. போலிச் சான்று உருவாக்கியதாகக் கருதி விசாரணைக்கு அழைக்கிறோம். குற்றம் உறுதியானால் உங்கள் சேர்க்கை ரத்தாகும். அதற்குக் கீழே அந்தக் கட்டுரையின் தலைப்பு இருந்தது. ‘முதியோர் விழுதல்: படுக்கைக்கும் விளக்குச் சுவிட்சுக்கும் இடையிலான தூரம்.’ கத்தி கையிலேயே நின்றுவிட்டது. அது என் கட்டுரை. சாமான் அறையில் உட்கார்ந்து நான் இட்டுக்கட்டியது.

“உங்க பாடத்துல வந்த கட்டுரை எப்படிப் பொய்யாகும்?” அண்ணியின் குரல் ஏறியது. “முழுசா படிக்கணும்னு நானும் தேடித் தேடிப் பாத்தேன், கிடைக்கல. சரி, இந்த வீட்டு மகாராணிதான் கேக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாளேன்னு உதவி மையத்துக்கு எழுதினேன். திரும்பத் திரும்ப எழுதினேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில். ‘நான்காம் பாடத்தைப் பார்க்கவும்.’ அந்தப் பாடத்தப் பாத்துட்டுதானே எழுதறேன்! மனுஷங்க யாராவது இருக்கீங்களா அங்க?”

இல்லை. அது எந்திரம் அனுப்புகிற பதில். உதவி மையத்தில் இருந்த பெண்ணை எடுத்துவிட்டு எந்திரத்தை வைத்ததும் ரெண்டு நிமிஷம்தான்.

வெட்டிய பாடத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன், அண்ணியின் கைப்பேசியில், அடுப்படியில் நின்றபடி. என் முகம் வந்தது. கட்டுரையின் முதல் பக்கம் வந்தது, தலைப்பும் கீழே முனைவரின் பெயருமாக. இதை உங்கள் நூற்பட்டியலில் இப்படிச் சேர்க்க வேண்டும் என்று பல்லைக் காட்டிக்கொண்டு சொல்கிறேன். முடிந்தது. எச்சரிக்கையைக் காணோம். திரையின் மூலையில் ‘மாதிரி’ என்று நான் போட்ட ஒரு சொல் மட்டும் இருக்க வேண்டும். நான் பேசுகிற வசனம் எழுத்தாக ஓடும் பட்டை அதன் மேலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. தேடிப் பார்த்த எனக்கே தெரியவில்லை. குழியை வெட்டியவன், குழி இருக்கிறது என்று எழுதிய பலகையையும் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

மறுநாள் அவர் அறைக்குப் போனேன். உட்காரச் சொல்லும் முன்பே கத்த ஆரம்பித்துவிட்டேன்.

“எச்சரிக்கைய வெட்டிட்டு உதாரணத்த மட்டும் வெச்சிருக்கீங்களே சார், எங்க அண்ணி மேலயே விசாரணை வந்திருக்கு, மனசாட்சி வேண்டாமா?”

“மெதுவா பேசுங்க மேடம். பசங்க ரெண்டு நிமிஷத்துக்கு மேல பாக்கறதில்ல. புள்ளிவிவரம் இருக்கு. அதோட ‘மாதிரி’ன்னு கீழ போட்டிருக்கே.”

“அது எறும்பு படிக்கறதுக்கா?”

அவருக்குக் கோபம் வரவில்லை. கோபமே வராத மனிதர்களைக் கண்டால் எனக்குப் பயம். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, ரகசியம் போலச் சொன்னார். பத்தொன்பது பேர் அதே கட்டுரையைப் போட்டிருக்கிறார்களாம். கூட்டுச் சேர்ந்து செய்த மோசடி என்று குழு முடிவு கட்டிவிட்டதாம். விஷயம் மேலிடம் வரை போய்விட்டது. இந்த நேரத்தில் பாடத்தை நாங்கள்தான் வெட்டினோம் என்று சொன்னால் பிரிவின் மானம் என்ன ஆகும்?

“உங்க அண்ணி விஷயத்த ஒரு எச்சரிக்கையோட முடிச்சிடச் சொல்றேன். பட்டத்துக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க விசாரணைக்கு வர வேண்டாம். வேண்டியவங்க வரக்கூடாதுன்னு விதியே இருக்கு.”

“மத்த பதினெட்டு பேர்?”

“அவங்க உங்களுக்கு என்ன உறவு?”

என்ன உறவு! பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதியவர்கள் எனக்கு என்ன உறவு! நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பினேன். கதவையாவது ஓங்கி அறைந்துவிட்டு வரலாம் என்று பார்த்தேன். அது தானாக மெல்ல மூடிக்கொள்கிற கண்ணாடிக் கதவு. அந்தக் கோபமும் பாக்கி நின்றுவிட்டது.

ஆனால் பட்டம் என்னுடையது இல்லை. முடிவு எடுக்க வேண்டியவர் அண்ணி. வீட்டுக்கு வந்ததும் அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கூடத்தில் அண்ணன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினான். நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தாலே அவன் செய்கிற காரியம் அது.

“அப்போ அந்த முனைவர்?” என்றார் அண்ணி.

“அப்படி யாரும் இல்ல அண்ணி. சும்மா ஒரு பேர் வெச்சேன்.”

“சுவிட்ச் விஷயம்? அது எங்கேருந்து வந்தது?”

நான் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“சைலன்ஸ், கேக்கறேன்ல?”

“நீங்க சொன்னதுதான்.”

ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். வயசானவங்க கால் தடுக்கி விழறதில்ல, இருட்டுல விழறாங்க. கட்டில் ஜன்னல்கிட்ட இருக்கு, சுவிட்ச் கதவுகிட்ட இருக்கு, நடுவுலதான் அத்தனை பேரும் விழறாங்க. நான் சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். அடுத்த நாள் உதாரணத்துக்கு என்ன போடலாம் என்று யோசித்தபோது அது தயாராகக் கையில் இருந்தது. எடுத்துக்கொண்டேன். தலைப்பு வைத்தேன். கட்டுரை என்றால் எழுதியவர் வேண்டுமே என்று ஒரு முனைவரை உட்காரவைத்தேன். அண்ணியின் பெயரை வைக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அண்ணி எழுந்துவிட்டார்.

“என் வாயிலேருந்து புடுங்கி ஒரு முனைவர் வாயில வெச்சியா?”

“உதாரணத்துக்குத்தான் அண்ணி...”

“என்னடி உதாரணம்? இத எங்க மேனேஜர்கிட்ட எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன் தெரியுமா? ‘உனக்கு என்ன தெரியும், போய் வேலையப் பாரு’ன்னார். ஒரு பாட்டியம்மா விழுந்து இடுப்பு ஒடிஞ்ச அன்னிக்கும் அதையேதான் சொன்னார். அப்புறம் உன் பாடத்துல அந்தப் பக்கத்தப் பாத்தேன். எனக்கு அழுகையே வந்துடுச்சு. எங்கேயோ ஒரு படிச்ச மனுஷன் நான் நெனச்சதையே நெனச்சிருக்கானேன்னு. அத அப்படியே போன்ல மேனேஜருக்குக் காட்டினேன். அந்த வாரமே எலக்ட்ரீஷியன் வந்து எல்லா சுவிட்சையும் கட்டில்கிட்ட மாத்திட்டுப் போனான். அதுக்கப்புறம் மாடியில யாரும் விழல.” அண்ணி மூச்சு வாங்கினார். “இப்ப வந்து அந்தப் படிச்ச மனுஷன் வேற யாரும் இல்ல, இந்த அண்ணிதான்னு சொல்ற.”

ரெண்டு நிமிஷத்தின் மேல் இருந்த கோபம் எல்லாம் அப்படியே என் பக்கம் திரும்பி நின்றது. அவர் வெட்டியது என் நான்கு நிமிடத்தை. நான் வெட்டியது இந்த மனுஷியையே.

“அவர் சொன்னபடி கேட்டா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது” என்றேன்.

“மத்தவங்களுக்கு?”

“போயிடும்.”

“நீ என்ன சொன்ன?”

“கதவ அறையப் பாத்தேன். அறைய முடியல.”

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “விசாரணைக்கு வா. என் பக்கத்துலயே உக்காரு. ஆனா உன் மேல இருக்கற கோபம் அப்படியேதான் இருக்கும். அத வேற கணக்குல வெச்சிருக்கேன்.”

விசாரணை இணையத்தில்தான். சாப்பாட்டு மேசையில், கவிழ்த்த பாத்திரத்தின் மேல் மடிக்கணினியை வைத்தோம். அண்ணன் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, திரையில் விழாத இடமாகப் பார்த்து, சுவரோடு சுவராக நின்றான். குழுவின் தலைவி ஒரு பேராசிரியை, கறாரான பெண்மணி என்று பெயர். இன்னொரு கட்டத்தில் ரெண்டு நிமிஷம். என்னைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

“மாணவியோட இன்னொருத்தர் இருக்கீங்களே?” என்றார் பேராசிரியை.

“நான் இந்தப் பாடத்த எடுத்த நூலகர். மாணவிக்கு நாத்தனார். ரெண்டையும் முன்னாடியே சொல்லிடறேன். அந்தக் கட்டுரைய உருவாக்கினது மாணவி இல்ல மேடம், நான். முழுப் பாடமும் எங்கிட்ட இருக்கு. போடறேன், பாருங்க.”

“அது ஆறு நிமிஷம் ஓடும் மேடம், நமக்கு நேரம்...” என்றார் ரெண்டு நிமிஷம்.

“ஓடட்டும்.”

ஓடியது. என் எச்சரிக்கை வந்தது, சிரிப்போடு. பிறகு வெட்டிய பாடத்தைப் போட்டேன். பிறகு எந்திரத்தின் பதில்களை அண்ணி ஒவ்வொன்றாக வாசித்தார். நான்காம் பாடத்தைப் பார்க்கவும். நான்காம் பாடத்தைப் பார்க்கவும். நான்காம் பாடத்தைப் பார்க்கவும். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நாம சொல்லிக் குடுத்ததச் செஞ்சவங்கள நாமே திருடன்னு பிடிச்சிருக்கோம். பத்தொன்பது பேர் மேலயும் இருக்கற குற்றச்சாட்ட இன்னிக்கே எடுக்கணும். முழுப் பாடமும் இன்னிக்கே மேல ஏறணும். சார், இத ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடுவீங்களா?”

அவருடைய பட்டப்பெயர் அம்மையாருக்கும் தெரியும் போலிருக்கிறது. சுவரோரம் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டான். எனக்கு உயிர் வந்தது.

“ஆனா ஒண்ணும்மா” என்று பேராசிரியை அண்ணியிடம் திரும்பினார். “சுவிட்ச் பத்தி எழுதியிருக்கற பத்திக்கு இப்ப சான்று இல்ல. அத எடுத்துட்டு தாள மறுபடி அனுப்புங்க. தேறிடுவீங்க.”

“எடுக்க மாட்டேன்.”

மேசைக்கடியில் அண்ணியின் காலை மிதித்தேன். அவர் திருப்பி மிதித்தார்.

“கட்டுரைதான் மேடம் பொய். விழுந்தவங்க பொய் இல்ல. சுவிட்ச மாத்தினதும் பொய் இல்ல.”

“சான்று யாரு?”

“நான்தான். பக்கத்துல நின்னு பாத்தவ நான். தூக்கினவளும் நான்.”

பேராசிரியை விதிப் புத்தகத்தைப் புரட்டினார். வேலை செய்கிற இடத்தில் தானே கண்டதை எழுத விதியில் இடம் உண்டு, ஆனால் அந்த இடத்திலிருந்து கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும் என்றார். இந்த வாரத்துக்குள் கடிதம் வராவிட்டால் அந்தத் தாள் தோல்வி. தாள் போனால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். அதற்குள் மாடிப் பொறுப்பு கை மாறிவிடும். எது வசதியோ அதைச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரையை மூடினார்.

“எடுத்துடுங்க அண்ணி. ஒரு பத்திதானே” என்றேன். முனைவர் பொய் என்று தெரிந்தால் அந்த மேனேஜர் கடிதம் கொடுப்பாரா? வேலையையே பிடுங்கிவிடுவார் என்று எனக்குப் பயம்.

“முதல்ல முனைவருக்குத் தூக்கிக் குடுத்த. இப்ப குப்பையில போடுன்னு சொல்ற. உனக்கு என் பேரு மட்டும் ஏண்டி கண்ணுல படவே மாட்டேங்குது?”

என் முகத்தைப் பார்க்காமலே கைப்பேசியை எடுத்து, எங்களுக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டு, மேனேஜரை அழைத்தார். சுற்றி வளைக்கவில்லை.

“சார், நான் காட்டினேன்ல ஒரு முனைவர் கட்டுரை, அப்படி ஒரு முனைவர் கிடையாது. எங்க வீட்டுல இட்டுக்கட்டினது. அதுல இருந்தது எல்லாம் நான் உங்ககிட்ட முன்னாடியே சொன்னது.”

மறுமுனையில் மேனேஜரின் குரல், நிஜமான கவலையோடு வந்தது.

“அப்படின்னா... சுவிட்ச எல்லாம் பழைய இடத்துக்கே மாத்திடணுமாம்மா?”

அண்ணனுக்குக்கூடச் சிரிப்பு வரவில்லை. அண்ணி கைப்பேசியை வாய்க்கு அருகில் கொண்டுபோனார்.

“மாத்துங்க சார். தாராளமா மாத்துங்க. மறுபடி விழுவாங்கல்ல, தூக்கறதுக்கு அந்த முனைவரக் கூப்பிடுங்க. நான் வர மாட்டேன்.”

சரிம்மா, இப்ப என்ன செய்யணும் என்று கேட்டார் அவர். கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்று அண்ணி வரி வரியாகச் சொன்னார். அவர் எழுதிக்கொள்வது கேட்டது.

கடிதம் வந்துவிட்டது. எனக்கும் ஒன்று வந்திருக்கிறது, ரெண்டு நிமிஷத்திடமிருந்து, விசாரணையில் கட்டுப்பாடு மீறியதற்கு விளக்கம் கேட்டு. சுருக்கமாக எழுதவும் என்று போட்டிருக்கிறார். ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன், இன்னும் முடியவில்லை.

தாளை மறுபடி அனுப்புவதற்கு முன் அண்ணி மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். வீட்டில் அவர் என்னிடம் கேட்ட முதல் பாடக் கேள்வி அதுதான்.

“முனைவர் பேரு இருந்த இடத்துல என் பேர எப்படிப் போடறது? எனக்குத்தான் முன்னாடி போட்டுக்க ஒண்ணும் இல்லையே.”

“நூற்பட்டியல்ல யாருக்கும் பட்டம் போடறதில்ல அண்ணி” என்றேன். “வெறும் பேருதான்.”

“இத அப்பவே சொல்லியிருக்கலாமே” என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.